பிச்சாவரம் கயாக் வழித்தடம்: முதலில் ஓதப் பலகை, பிறகு படகு

கடலூர் மாவட்ட நிர்வாகம், சுற்றுலாத் துறை, வனத்துறை, கிள்ளை பேரூராட்சி ஆகிய இடங்களில் பிச்சாவரத்தைப் பற்றி முடிவெடுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் கயாக், கேனோ என்னும் சிறு துடுப்புப் படகுகளை ஓட்டுவதற்கு வழி குறிப்பது பற்றி எழுதுகிறோம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் காடு, ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள், அவற்றுக்கிடையே கிளை பிரிந்து ஓடும் வாய்க்கால்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். துடுப்புப் படகுக்கு இதைவிடத் தோதான நீர்ப்பரப்பைச் சோழமண்டலக் கரையில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அலை இல்லை, ஆழம் இல்லை, நிழல் உண்டு. ஆனால் புதிதாகத் துடுப்புப் பிடிப்பவரை ஏமாற்றுவதும் இந்த மூன்றும்தான். அலை இல்லாத இடத்தில் நீரோட்டம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆழம் இல்லாத இடத்தில் தரை தட்டும். நிழல் தரும் கிளை, தண்ணீர் ஏறியதும் தலையில் இடிக்கும்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. படகு வாங்கும் முன், வரைபடம் அச்சடிக்கும் முன், படகுத்துறையில் ஓதப் பலகை ஒன்று வையுங்கள். கடல் நீர் ஏறி வற்றுவதுதான் ஓதம்; அன்றன்றைய ஏற்றம், வற்றம் எத்தனை மணிக்கு என்று அதில் தினமும் எழுதி மாட்டுங்கள். இந்த மடலில் மற்றபடி சொல்வதெல்லாம் அந்தப் பலகையைச் சுற்றித்தான்.

கிள்ளை மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து ஒரு மணி நேரத்துக்குப் படகு எடுப்பவருக்குத்தான் தெரியாது. இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளை 8.50க்கு. ஒரு வாரம் கழித்து அதே 8 மணிக்கு வந்து நின்றால் சேறுதான் தெரியும். 'காலை 8 முதல் 10 வரை கயாக்' என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே நேரத்தை அறிவிப்பது ஏன் செல்லாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு. தினசரி நாட்காட்டியைப் பார்த்தே இவ்வளவையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

"ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். உண்மைதான், முகத்துவாரத்திலேயே ஒரு மீட்டருக்குள்தான்; உள்ளே போகப்போக இன்னும் குறையும். ஆனால் இந்த வாய்க்கால்களில் பல இடங்களில் மொத்த ஆழமே இடுப்பளவு, முழங்காலளவுதான். ஆள் உட்கார்ந்த கயாக் மிதக்க 10 முதல் 15 செ.மீ. தண்ணீர் வேண்டும், துடுப்பின் இலை, அதாவது நீரைத் தள்ளும் தட்டையான முனை, முழுதாக முங்க இன்னும் 20 செ.மீ. வேண்டும். ஆக 35 செ.மீ.க்குக் கீழே போனால் படகு ஓட்டுவது நின்று, சேற்றைக் கிண்டுவது தொடங்கும். ஒரு கணக்கு பாருங்கள். நீர் மொத்தம் 60 செ.மீ. வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்திலும் அது ஒரே சீராக வற்றாது. முதல் மணியில் 5 செ.மீ., இரண்டாவதில் 10, மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 15, பிறகு 10, கடைசியில் 5. முதல் மணி நேரத்தைப் பார்த்து "ஒன்றும் குறையவில்லையே" என்று உள்ளே நுழைந்தவர், நடு இரண்டு மணி நேரத்தில் 30 செ.மீ. காணாமல் போவதை அங்கே இருந்தபடி பார்ப்பார். வற்றும் நீரில் தரை தட்டினால் திரும்ப நீர் வந்து தூக்கும்வரை நாலைந்து மணி நேரம் அதே இடம்தான். ஏறும் நீரில் தரை தட்டினாலோ பதினைந்து நிமிடம் காத்திருந்தால் போதும், படகு தானே மிதந்துவிடும். குறுகிய வாய்க்காலுக்குள் ஏறும் நீரோடு போய், நீர் திரும்பும் முன் வெளியே வந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

பலகையில் எழுத வேண்டிய நேரத்தை எங்கிருந்து எடுப்பது? இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களுக்கு ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதில் உள்ள சென்னை நேரத்தை அப்படியே எடுத்துப் பிச்சாவரத்தில் எழுதினால் தப்பு. கடலில் நீர் ஏறி முடிந்த பிறகும் முகத்துவாரத்தின் குறுகலைத் தாண்டி, வளைந்து வளைந்து உள்ளே வர நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் படகுத்துறையில் ஓர் அளவு, முகத்துவாரத்தருகே வேறோர் அளவு. அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அளப்பது பெரிய வேலையும் இல்லை. செ.மீ. குறித்த மூன்று அளவுகோல்களை படகுத்துறையில் ஒன்று, காட்டின் நடுவே வாய்க்கால்கள் கூடும் இடத்தில் ஒன்று, சின்னவாய்க்கால் முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஒன்று என நடுங்கள். பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து வையுங்கள். தொடர்ந்து 15 நாள் எடுத்தால் ஓர் அமாவாசையோ பௌர்ணமியோ, கூடவே ஓர் அட்டமியும் உள்ளே வந்துவிடும். பிறகு அட்டவணை நேரத்தோடு ஒப்பிட்டால், 'சென்னை நேரத்துடன் இவ்வளவு நிமிடம் கூட்டு' என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு இது கைவந்த வேலை.

பலகையில் மூன்று வரி போதும்: நீர் நிறையும் நேரம், கடைசிப் படகு இறங்கும் நேரம், எல்லாரும் கரைக்குத் திரும்பிவிட வேண்டிய நேரம். சாக்பீஸால் எழுதலாம். மின்திரை வேண்டாம். உப்புக்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்; பழுதான திரையில் நிற்கும் பழைய நேரம், எழுதாத பலகையைவிட ஆபத்து.

அடுத்தது காற்று. படகுத்துறை காட்டின் மேற்கில், முகத்துவாரம் கிழக்கில். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். முற்பகல் தாண்டியதும் கடற்காற்று எழுந்து எதிர்த்திசையில் அடிக்கும். காலை வேளையில் வற்றமும் சேர்ந்துகொண்டால் காற்று, ஓட்டம் இரண்டுமே படகைக் கிழக்கே தள்ளும். புதியவருக்கு அது தெரியாது. தன் கை பலத்தில்தான் படகு இப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று மகிழ்ந்துபோவார். திரும்பும்போதுதான் கணக்கு புரியும். புதியவர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் துடுப்புப் போடுவார். ஓட்டம் மணிக்கு 2 கி.மீ. என்றால், ஒரு கிலோமீட்டர் போக 12 நிமிடம். அதே ஒரு கிலோமீட்டர் திரும்ப ஒரு மணி நேரம். நடுவில் துடுப்பை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் குடித்த நேரமெல்லாம் பின்னோக்கிப் போவார். ஆகவே காலை வற்ற நாட்களில் கிழக்குப் பக்க வழியைத் திறக்கவே வேண்டாம். அன்று படகுத்துறையை ஒட்டிய சிறு சுற்று மட்டும் போதும். பிற்பகலில் கடற்காற்று கரைக்குத் தள்ளும் என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் அகன்ற நீர்ப்பரப்பில் அது சிற்றலையைக் கிளப்பும், பக்கவாட்டில் வாங்கும் படகு ஒருக்களித்துத் திரும்பும். புதியவர்களை அந்த நேரத்தில் வாய்க்கால் மறைவுக்குள் வைத்துக்கொள்வதே நல்லது.

முகத்துவாரத்துக்குக் கயாக் போகக் கூடாது. இதில் 'அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்' என்ற சலுகையும் வேண்டாம். வெளியேறும் ஓட்டம் மணல்திட்டின் மேல் உள்ளே வரும் அலையோடு மோதும்போது அலை செங்குத்தாகி உடையும். உட்புறத்திலிருந்து பார்ப்பவருக்கு அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. எல்லைக்கோடு அங்கேயே இருந்தால் பயனில்லை. ஓட்டம் இழுக்கத் தொடங்கும் இடத்துக்கு வெகு முன்பே, இரு கரைக்கும் குறுக்கே மஞ்சள் மிதவைகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், மீன்பிடிப் படகு போக வழி விட்டு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம், கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வரும் பேரலைகளால் கடல் திடீரெனப் பொங்குவது) எச்சரிக்கை விடும் நாட்களில் கிழக்கு வழி முழுவதையும் மூடிவிடலாம்.

இனி வாய்க்காலின் அகலம். அழகான இடங்களெல்லாம் குறுகலான இடங்கள். சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இரு பக்கமும் இறங்கி, மேலே கிளைகள் கூடி, குகைபோல் இருக்கும் வாய்க்கால்களைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். கயாக்கின் இரட்டை இலைத் துடுப்பு 220 முதல் 240 செ.மீ. நீளம். மூன்று மீட்டருக்குக் குறைந்த வாய்க்காலில் அதைச் சுழற்றினால் இரு பக்கமும் வேரில் அடிபடும். வேரும் உடையும், துடுப்பும் போகும். அங்கே கேனோவின் ஒற்றை இலைத் துடுப்புதான் சரி. கயாக்கில் போகிறவருக்கும், இரண்டாகக் கழற்றக்கூடிய துடுப்பு கொடுத்தால், குறுகலில் பாதியைக் கழற்றிக் கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். கடை அலமாரியில் விலை மலிந்த ஒரே துண்டுத் துடுப்பை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

நீளத்தையும் பாருங்கள். ஒருவர் ஓட்டும் கயாக் 3 முதல் 4 மீட்டர், இருவர் கேனோ 5 மீட்டர் வரை. அதைவிடக் குறுகிய வாய்க்காலில் திருப்ப முடியாது, பின்னோக்கித்தான் வர வேண்டும். எதிரே இன்னொரு படகு வந்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். நான்கு மீட்டருக்குக் குறைந்த எந்த வாய்க்காலையும் ஒருவழிப் பாதை ஆக்குங்கள். முன்படகுக்கும் பின்படகுக்கும் மூன்று படகு நீளமாவது இடைவெளி இருக்கட்டும். ஒருபக்கம் அடைபட்ட வாய்க்காலை வழித்தடத்தில் சேர்க்கவே வேண்டாம். படகு இறக்கும் முன் கரையில் கொடுக்கும் பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது பின்னோக்கி ஓட்டுவதையும் நிறுத்துவதையும்தான். முன்னால் போவதை எல்லாரும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

குகை வாய்க்காலுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நீர் வற்றினால் தரை தட்டும்; அமாவாசை ஏற்றத்தில் உச்சி நிறைந்தால் கிளை தட்டும். உட்கார்ந்திருப்பவரின் தலை நீர்மட்டத்திலிருந்து 85, 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆக ஒவ்வொரு குறுகலுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: எந்த அளவுக்குக் கீழே நுழையக் கூடாது, எந்த அளவுக்கு மேலே நுழையக் கூடாது. இரண்டையும் நுழைவாயிலில் நட்ட அளவுகோலிலேயே சிவப்புப் பட்டையாகத் தீட்டிவிடலாம். நீர்மட்டம் இரண்டு பட்டைக்கும் நடுவே இருந்தால் போகலாம், இல்லையென்றால் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது விளங்கும்.

கவிழ்வது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். வளைவில் ஓட்டம் படகை வெளிப்பக்க வேர்களின் மேல் சாய்க்கும். வேர்க்கூட்டம் வடிகட்டி மாதிரி. தண்ணீர் ஊடே போய்விடும், படகு போகாது. உட்கார்ந்திருப்பவர் பயந்து வேரைவிட்டு விலகி, ஓட்டம் வரும் பக்கமாகச் சாய்வார். அந்த நொடியில் அந்தப் பக்க விளிம்பு முங்கி, தண்ணீர் ஏறிப் படகு கவிழும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: வேரின் பக்கமே சாய்ந்து, வேரைக் கட்டிக்கொள்வதுபோல் இருந்து, மெல்லப் படகை நகர்த்தி வெளியே வர வேண்டும். இரண்டாவது வகை, தலைக்கு மேல் உள்ள கிளையைப் பிடித்துக்கொள்வது. கை கிளையில், இடுப்பு படகில், படகோ ஓட்டத்தோடு போகும். நடுவில் இருப்பவர் தண்ணீரில்.

கவிழ்ந்தவர் எழுந்து நிற்கப் பார்ப்பார், ஆழம் இடுப்பளவுதானே என்று. நிற்கக் கூடாது. அடியில் இருப்பது களிச்சேறு. காலை ஊன்றினால் முழங்கால்வரை போகும், இழுத்தால் செருப்பு உள்ளே தங்கும், இன்னொரு காலை ஊன்றினால் அதுவும் போகும். மிதந்தபடி படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக் என்றால் அதை நிமிர்த்தி, நடுப்பகுதியில் வயிற்றை வைத்து, காலை உதைத்துக் குறுக்கே ஏறிப் படுத்து, பிறகு புரண்டு உட்காரலாம். இரண்டு தடவை செய்துபார்த்தவருக்கு ஒரு நிமிட வேலை. செய்தே பார்க்காதவருக்கு நடு வாய்க்காலில் அது வராது. ஆகவே படகுத்துறையருகே, ஆழம் பார்த்து வைத்த இடத்தில், ஒவ்வொருவரையும் ஒருமுறை நனைய வையுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்திபோல் கீறும். காலுக்கு முழுதாக மூடிய, அடி தடித்த காலணி கட்டாயம். வெதுவெதுப்பான உப்பங்கழி நீரில் கீறல் சீழ் வைக்க வாய்ப்பு அதிகம். நல்ல தண்ணீரில் கழுவி அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். மேட்டுத் திட்டில் இறங்கினால் தில்லை மரம் இருக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கிளை ஒடிக்காதே, இலை பறிக்காதே என்று பொதுவாக எழுதுவதைவிட, அந்த மரத்தைப் படம் போட்டுக் காட்டி, 'பால் கண்ணில் பட்டால் 20 நிமிடம் விடாமல் நல்ல தண்ணீரில் கழுவு, மருத்துவமனைக்குப் போ' என்று எழுதுங்கள். காரணம் தெரிந்தால் கை தானே அடங்கும்.

படகு வாங்கும் விஷயத்துக்கு வருவோம். வாடகைக்கு விட, உள்ளே நுழைந்து அமரும் கயாக் வேண்டாம். கவிழ்ந்தால் அதற்குள் தண்ணீர் நிறையும், இறைக்க ஆள் வேண்டும். மேலே அமரும் வகையே போதும். அகலம் 75 செ.மீ.க்குக் குறையாமல், வார்ப்புப் பாலிதீனில் செய்ததாக இருக்கட்டும். ஃபைபர் படகு எடை குறைவு, ஆனால் சிப்பியில் உரசினால் விரிசல் விடும். பாலிதீன் கீறலோடு தப்பிக்கும். அதன் எதிரி வெயில். நிழலில், கவிழ்த்து, இரு பட்டைகளின் மேல் வைக்க வேண்டும். வெறுந்தரையில் கிடந்தால் அடிப்பகுதி குழிந்து, பிறகு நேராக ஓடாது. படகின் பின்முனையில் நீர் வடிக்கும் திருகு ஒன்று இருக்கும். வாடகைப் படகுகளில் நடக்கும் கோளாறுகளில் பல அந்தத் திருகை மூட மறந்ததால் வருபவை. வெற்று வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போய், அரை மணியில் படகு கனத்து, இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். ஓட்டுபவர் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். இறக்கும் முன் ஒவ்வொரு திருகையும் விரலால் தொட்டுப் பார்க்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். கழற்றும் துடுப்பின் இணைப்பை தினமும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பும் மணலும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆறு படகுக்கு ஒரு துடுப்பு உபரியாக இருக்கட்டும், வழிகாட்டியின் படகில் கட்டி.

லைஃப் ஜாக்கெட்டில் எல்லாம் ஒன்றல்ல. ஐ.எஸ்.ஓ. 12402 தரத்தில் 50 நியூட்டன் மிதப்பு விசை தரும் வகை நீந்தத் தெரிந்தவருக்கு. நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது என்றே வைத்துக்கொண்டு இரண்டாவதை அதிகம் வாங்குங்கள். மாட்டிவிட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள்; காதுவரை ஏறினால் அது அவர் அளவில்லை. சிறுவர்களுக்குக் கால் இடுக்கு வார் இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.

மோட்டார் படகுக்குக் கட்டிய துறையிலிருந்து கயாக்கில் ஏற முடியாது. உயரத்திலிருந்து தாழ்வான படகில் காலை வைக்கும்போதுதான் முதல் ஆள் விழுவார். நீர்மட்டத்திலிருந்து 20, 25 செ.மீ. உயரத்தில் மிதக்கும் மேடை வேண்டும். 50 க்கு 50 செ.மீ. பிளாஸ்டிக் கனப்பெட்டிகளைக் கோத்துச் செய்வது எங்கும் கிடைக்கிறது. நீரோடு ஏறி இறங்க, நட்ட குழாய்களில் வளையம் மாட்டினால் போதும். சிமெண்டுப் படிக்கட்டு கட்டாதீர்கள். வற்றத்தில் வெளியே தெரியும் படிகளில் பாசியும், கொட்டலசு என்னும் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரும் பிடித்து, ஆறே மாதத்தில் வழுக்குப் பாறை ஆகிவிடும். மோட்டார் படகின் வழியும் கயாக்கின் வழியும் முடிந்தவரை வேறாகட்டும். ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மோட்டார் படகு நடைவேகத்துக்கு இறங்க வேண்டும். அதன் பின்னலை கயாக்கை மட்டுமல்ல, வேரடி மண்ணையும் அரிக்கிறது.

வழிகாட்டிக் கம்பங்களுக்குச் சிவப்பு, பச்சை வேண்டாம். கடலிலிருந்து துறைக்குள் வரும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது நம் நாட்டு மிதவை முறை. கயாக் வழிக்கு அதையே தீட்டினால் மீன்பிடிப் படகுக்காரர் குழம்புவார். நீலத்தில் வெள்ளை எண் போதும். எண் பெரிதாக, படகில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், ஒவ்வொரு பிரிவிலும். உள்ளே எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலவே இருப்பதால், தொலைந்தவர் போனில் "நான் ஒரு மரத்துப் பக்கத்தில் இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். "14ஆம் கம்பம்" என்று சொல்ல முடிந்தால் தேடும் வேலை பத்து நிமிடம். சவுக்குக் கம்பம் வேண்டாம், கப்பல்புழு உள்ளே துளைத்துத் தின்றுவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஒரு நாள் முறியும். மரத்தில் ஆணி அடிப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

காட்டுக்குள் போகக் கூடாத வாய்க்கால்களும் உண்டு. முன்பு பகுதி பகுதியாக மரம் வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தட்டுபோலக் குழிந்து, ஓத நீர் தேங்கி உப்பேறி, மறுபடி எதுவும் முளைக்காமல் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அந்த இடங்களில் ஓதம் வந்து போகச் செய்து, காட்டைத் திரும்ப வளர்த்தார்கள். அந்தக் கிளை வாய்க்கால்களின் கரை வெட்டிய மண். துடுப்பு குத்தினாலே சரியும், சரிந்தால் ஓதம் அடைபடும். வரைபடத்தில் அவை அழகான குறுக்குவழியாகத் தெரியும் என்பதால் முன்னதாகவே அடைத்து வையுங்கள். வற்றத்தில் வெளிவரும் சேற்றுத் திடல்களில் வலசைப் பறவைகள் இரை தேடும் மாதங்களில், அந்த ஓரமாகப் போகும் வழியையும் தள்ளிவைக்கலாம். நூறு மீட்டர் தள்ளிப் போனால் பறவையும் பறக்காது, பார்க்க வந்தவருக்கும் பறவை கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே ஏற்கெனவே வேலை செய்பவர்கள். இருளர்கள் நீருக்குள் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். தலை மட்டும்தான் வெளியே தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. வாய்க்காலின் ஓரத்தில் வரிசையாக ஆட்கள் இருந்தால் கயாக் நடுவில், துடுப்பை நிறுத்தி, வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீரை அடித்துக் கலக்கினால் அவர்களின் அன்றைய பிடிப்பைக் கலைக்கிறோம். வற்ற நேரத்தில் வாய்க்காலின் குறுக்கே வலை கட்டியிருப்பார்கள். கட்டியவரிடம் கேட்டு, அவர் காட்டும் பக்கமாக, துடுப்பைத் தூக்கிக்கொண்டு மிதவைக் கயிற்றைத் தாண்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும், அறுத்துக்கொண்டு போகக் கூடாது. எந்த வாய்க்காலில் எந்த நேரத்தில் தொழில் நடக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டு, அந்த நேரத்தைப் பலகையில் நான்காவது வரியாகச் சேருங்கள்.

வழிகாட்டிகளையும் இருளர்களிலிருந்தும் கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு, முழுக்குத்துறை மீனவக் குடும்பங்களிலிருந்தும் எடுங்கள், தினக்கூலிக்கு இல்லாமல் மாதச் சம்பளத்துக்கு. காரணம் இரக்கம் இல்லை. தினக்கூலி ஆளுக்கு அன்று படகு ஓடினால்தான் காசு. "இன்று காற்று சரியில்லை, வேண்டாம்" என்று அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சம்பளக்காரர் சொல்வார். ஆறு புதியவருக்கு ஒரு வழிகாட்டி முன்னால், இன்னொருவர் கடைசிப் படகாகப் பின்னால். விசில் ஒருமுறை ஊதினால் நில், மூன்று முறை ஊதினால் ஆபத்து. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் இருந்தால் உடனே கரை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை யாரும் இறங்கக் கூடாது. சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் இது அடிக்கடி வேண்டிவரும்.

எப்போது தொடங்குவது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறங்கும் மழைநீர் முகத்துவாரத்தை அகலப்படுத்தும், மணலை வேறிடத்தில் கொண்டுபோய்ப் போடும். போன ஆண்டு அளந்த தாமதக் கணக்கு அதன்பின் செல்லாது. அதனால் ஒவ்வொரு தையிலும் அந்த 15 நாள் அளவெடுப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். வாய்க்கால் வாய்க்காலாகக் கேனோவில் போய் ஆழக்கோல் விட்டு, சாய்ந்த மரம், புதுச் சேற்றுத்திட்டு எல்லாம் குறித்து, அதன்படி கம்பத்து எண்களையும் சிவப்புப் பட்டைகளையும் திருத்த வேண்டும். இரண்டு பேர், ஒரு கேனோ, சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு மூங்கில், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்த வேலை முடிந்து பலகையில் முதல் நாள் நேரம் எழுதும்வரை டிக்கெட் கவுண்டரைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கயாக், கேனோ ஓட்டுபவர்களும் ஓட்டக் கற்றுத்தருபவர்களும்